ஐந்து மணி முதல் ஏழு மணி வரை

அவருக்கு வேலை மூன்று. பகலில் கல்லூரியில், கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டு செய்வது எப்படி என்று பாடம் எடுப்பார். அங்கே பெயர் சார். வாரத்தில் ஒரு ராத்திரி மேடையில் வாசிப்பார். அங்கே பெயர் கீபோர்டு அண்ணன். மிச்ச நேரத்தில் சொந்தமாக இசையமைப்பார். அங்கே பெயர் ஒன்றும் கிடையாது, இதுவரை யாரும் கூப்பிடவில்லை. விசிட்டிங் கார்டில் மட்டும் முதல் வரி 'இசையமைப்பாளர்'.

ஒரு வெள்ளிக்கிழமை சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். குண்டூசி.

"ஏம்மா, இது வீடா, தையல் கடையா?"

"ரெண்டும்தான். நூத்தி இருபது ஸ்கூல் யூனிஃபார்ம் வெட்டணும். இந்த ஹால்ல எங்க வெட்டறது? அந்தப் பின் ரூமைக் குடுங்க."

"அது ஸ்டுடியோ."

"ஆறு மாசமா அதுலேருந்து ஒரு பாட்டு வரலை. சனிக்கிழமை ஆன்லைன் கிளாஸ்ல பசங்களைத் திட்டுற சத்தம்தான் வருது."

அவருக்குச் சுருக்கென்றது. குண்டூசியை விட அதிகமாக. கல்லூரியில் சொல்லிக் கொடுப்பதும் மேடையில் வாசிப்பதும் அடுத்தவன் பாட்டு. அவருடைய பாட்டு அந்த அறையில்தான் இருக்கிறது. அதாவது, இருக்கப்போகிறது. அறை போனால் கார்டில் முதல் வரியும் போச்சு.

எழுந்து நின்றார். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், இன்னும் கொஞ்சம் நின்றார்.

"நாளையிலேருந்து தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உள்ளே போவேன். ஏழு மணிக்குத்தான் வெளியே வருவேன். நடுவுல வாசிப்பு நிக்காது. ஒரு நாள் தவறினாலும் ரூம் உன்னுது."

"ஒரு நாள்?"

"ஒரே ஒரு நாள்."

மனைவி காலண்டரில் குறித்துக்கொண்டாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

முதல் நாள் நிஜமாகவே இரண்டு மணி நேரம் வாசித்தார். பழக்க தோஷத்தில் அதைப் பதிவும் செய்தார். இரண்டாம் நாள் அரை மணி தாண்டியதும் கண் சொருகி, கீபோர்டு மேலேயே தலை விழுந்தது. பதினோரு கட்டை சேர்ந்து அலறியது.

ஹாலிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, இது நல்லாருக்கே! புதுசா?"

மூன்றாம் நாள் யோசனை பிறந்தது. முதல் நாள் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். மேசைக்கு அடியில் பாயை விரித்தார். படுத்தார். ஹாலில் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. அது ஓடும்வரை மனைவி அதன் முன்னால்தான் இருப்பாள். கதவைத் தாழ்கூடப் போடவில்லை. தாழ் போட்டால் சந்தேகம் வரும் என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு மூளை.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "நடுவுல ஒரு இடத்துல தப்பா விழுதே?"

"பழகணும்."

"மூணு நாளா கரெக்டா அதே இடத்துல விழுது."

'ஒட்டுப் போட்ட இடம் கேக்குறவனுக்குத் தெரியக் கூடாது' என்று வாராவாரம் அவர்தான் பசங்களிடம் கத்துகிறார். மறுநாளே கல்லூரியில் உட்கார்ந்து, பதிவை வெட்டி ஒட்டி, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பதிவு செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு புதுத் தப்பு. அதற்கு உழைத்த உழைப்பில் உண்மையிலேயே ஒரு பாட்டு போட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் சுகமோ சுகம். உள்ளே கீபோர்டு, வெளியே மெஷின், கீழே அவர்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. ஆறு மணிக்குத் தாகத்தில் விழிப்பு வந்தது. மெஷின் சுவரைப் பார்த்து இருக்கும், அவள் முதுகுப் பக்கமாகவே போய்த் தண்ணீர் குடித்துவிடலாம் என்று பூனை மாதிரி ஹாலுக்கு வந்தார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நாற்காலி காலி. ஊசி அசையவில்லை. மெஷின் மேல் ஒரு போன். பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர். அவருடைய ஸ்பீக்கர். அது காணோம் என்று போன வாரம் ஒரு வகுப்பையே சந்தேகப்பட்டிருந்தார்.

வாசல் கதவு திறந்தது. மனைவி. கழுத்தில் அளவு டேப். பின்னால் தச்சர், தலையில் துணி வெட்டும் மேசைக்கான பலகையோடு.

உள்ளே கீபோர்டு வாசித்தது. ஹாலில் மெஷின் தைத்தது. வாசிக்க வேண்டியவரும் தைக்க வேண்டியவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்தான் முந்தினார். "மாட்டினியா! நீ ஊரைச் சுத்துறே. இங்க தைக்கிறது யாரு?"

"போன்."

"கூச்சமில்லாம சொல்றே! இது ஏமாத்து வேலை இல்லியா?"

"ஏங்க, தினம் ரெண்டு மணி நேரம் தைப்பேன்னு நான் யார்கிட்டயாவது சவால் விட்டேனா?"

அவர் தன் ஸ்பீக்கரை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதை விடுங்க. நீங்க இங்க நிக்கிறீங்க. உள்ளே வாசிக்கிறது யாரு?"

அந்த நேரம் பார்த்து உள்ளே கீபோர்டு ஓரிடத்தில் தடுக்கி விழுந்தது. வியாழக்கிழமைத் தப்பு.

"எப்போ தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது தடவை கேட்டப்பவே. ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ற ஆளா நீங்க? தினம் புதுசால்ல பண்ணுவீங்க."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"மெஷின் சத்தம் கேட்டா நீங்க அசையாம தூங்குறீங்க. ரூமை அளக்க வசதியா இருந்துச்சு."

தோற்றது கூட அவருக்கு அப்போது உறைக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல... ஒட்டே தெரியலையே?"

"அதான் சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லிக் குடுக்குறீங்களே, சார்."

வீட்டில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குள் தச்சர் பின் அறைக்குள் போய்ப் பலகையைப் பொருத்திப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், நீங்க குடுத்த அளவுக்கே செஞ்சேன். ஆனா சுவரோரமா ரெண்டரை அடி இடம் வெட்டியா மிச்சம் நிக்குதே. அளவு தப்பா?"

"அளவெல்லாம் சரிதாங்க. அது இவரு பாய்க்கு விட்டது."