பில்டு ஓடுது, எழுப்பாதே

வாங்கடா, வாங்க. கல்யாணம் ஆகாதவனெல்லாம் முன்னால உக்காருங்க. ஆனவனெல்லாம் பின்னால நில்லுங்க. ஊட்டுல இருந்து எப்ப வேணாலும் போன் வரும், ஓடறதுக்குத் தோதா இருக்கும். சிரிக்கறியா? சிரி, சிரி. உனக்கும் தை மாசம் பொண்ணு பாக்கறாங்களாமா.

விசயம் இதுதான். எங்கம்மாவுக்கு முட்டி வலி. கீழ உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊட்டுல பால் கறக்கறதே அம்மாதான். என்ற சம்சாரம் மௌனிகா அந்தப் பால்ல நெய் எடுத்து, பாட்டல்ல அடைச்சு, கோயமுத்தூருக்கும் எர்ணாகுளத்துக்கும் அனுப்பறா. பேருதான் மௌனிகா. பேர் வெச்சவங்க அவசரப்பட்டுட்டாங்க.

"ஏனுங்க, நாளையில இருந்து கறக்கறது நீங்கதான்."

"நானா? கலெக்டரையா?"

பயந்துராதீங்க. கலெக்டர் எங்க மாடு. கிட்டப் போறவங்களை ஒரே உதையில வேற இடத்துக்கு மாத்திருவா. அதுனால அந்தப் பேரு. எனக்குக் கறக்கத் தெரியாதுன்னு இல்ல. சின்ன வயசுலயே தெரியும். விடியக்காலத்துல எந்திரிக்கத்தான் தெரியாது.

அன்னைக்கே சபதம் எடுத்தேன். இந்தக் கை இனி கீபோர்டைத் தவிர வேற எதையும் அமுக்காது!

நான் படிச்சவன்டா. கொல்லங்கோட்டுல இருந்து வாளையார் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் போயி இன்ஜினியரிங் சேந்தேன். பாதியிலயே வாளையார் தாண்டித் திரும்பி வந்தேன். செக்போஸ்ட்டுல நிறுத்தி, "என்ன கொண்டு போற?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லீங்க சார்"னேன். அத்தனை வருசத்துல நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"மௌனி, நம்ம நெய்க்கு நான் வெப்சைட் போடறேன். ஒரு பக்கம் நெய்க்கடை, ஒரு பக்கம் ப்ளாக்கு. ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்குது."

"ஜெனரேட்டரா? டீசல் யாருங்க ஊத்தறது?"

"அட, அது இடியாப்பமாட்டப் புழியற சந்தகை உரல் மாதிரி. நாம எழுதுனத மேல போட்டு அமுக்குனா, கீழ வெப்சைட்டா எறங்கும். அந்த அமுக்கறதுக்குப் பேருதான் பில்டு."

"அமுக்க எவ்வளவு நேரமாகும்?"

இங்கதான் என்ற மூளை வேலை செஞ்சுது. உண்மையில கண்ணு சிமிட்டற நேரம்கூட ஆகாது.

"இருட்டோட ஆரம்பிச்சா பால் வண்டி போற வரைக்கும் ஆகும், மௌனி. டெய்லி பண்ணோணும். பக்கத்துலயே ஆள் இருக்கோணும்."

"டெய்லியா?"

"டெய்லி. ஒரு நாள் உட்டாலும் நெய் பழசாயிரும்."

"பாட்டல்லயா?"

"சைட்டுல."

அவ என்னைப் பாத்தா. சீலையத் தூக்கிச் சொருகுனா. "செரி, நானே கறக்கறேன்"னு பால் கறக்கற போசிய எடுத்துட்டுப் போயிட்டா.

சும்மா சொல்லக்கூடாது, மொதல்ல நெசமாவே பாடுபட்டேன். கான்ஃபிக் ஃபைல்னு ஒண்ணு. சைட்டோட பேரு, விலாசம், எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழ, 'ட்ராஃப்டு ஃபால்சு', அதாவது இது வரைவு இல்ல, வெளிய காட்டலாம்ங்கற வரி, அல்லாம் அதுக்குள்ளதான். அதுல ஒரு வரியில ஒரு ஸ்பேஸ் சேத்தி உளுந்திருச்சு. மொத்த சைட்டும் படுத்துருச்சு. கண்ணுக்கே தெரியாத ஒண்ண, இல்லாத எடத்துல தேடறது எப்படிடா? பொழுதன்னிக்கும் அந்த ஃபைலப் படிச்சேன். சாமி கும்பிடறப்பக்கூட வாயில அதுதான் வந்துச்சு.

ஒருவழியா எந்திரிச்சு நின்னுச்சு. மௌனிகாவக் கூப்புட்டுக் காட்டுனேன். இலவசமா எறக்குன தீம். நெய் பாட்டலுக்குப் பின்னால பெரிய பனிமலை. 'எங்களைப் பற்றி'யில ஒரு வெள்ளைக்காரன், கையில நாய்க்குட்டி.

"ஏனுங்க, கொல்லங்கோட்டுல எப்பங்க பனி பேஞ்சுது?"

"அது டெமோ. மாத்திருவேன்."

"இந்த ஆளு?"

"அவரும் டெமோ."

"ஆளு நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்கறாரு. கறப்பாரான்னு கேளுங்க."

அதுக்கப்பறம் சொர்க்கம்டா. விடியக்காலத்துல லேப்டாப்பத் தொறந்து, கருப்புத் திரையில பச்சை எழுத்து ஓடறாப்பல ஒண்ண ஓட உட்டுட்டு, போத்திப் படுத்துக்குவேன். "பில்டு ஓடுது, எழுப்பாதே"ன்னு அட்டையில எழுதிக் கதவுல தொங்க உட்டேன்.

"ஏனுங்க, பில்டு ஓடறப்ப கொறட்டைச் சத்தம் வருதுங்களே?"

"அது ஃபேனு."

"ஃபேனு இப்ப 'அம்மா, தோசை'ன்னுச்சுங்களே?"

"லோடு அதிகம்."

அப்பறம் ஒரு நாள் அவளே வந்து, "சும்மா பாட்டல் படத்தப் பாத்து யாரு வாங்குவாங்க? நம்ம ஊட்டுல எப்படிக் கறக்கறம்னு ப்ளாக்குல எழுதுங்க"ன்னா. உண்மைய எழுதலாம்னுதான் உக்காந்தேன். உண்மை ரெண்டு வரியிலயே முடிஞ்சிருச்சு. அப்பறம் இப்படி எழுதுனேன்:

'நாள்தோறும் புலரியில் எழுந்து, குளிர்ந்த நீரில் நீராடி, பசுவின் காதோரம் இனிய பாடல் ஒன்றைப் பாடி, அது மனம் உருகிச் சுரக்கும் பாலை என் இரு கைகளால் கறக்கிறேன்.'

கலெக்டருக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா என்னையத் தேடி வந்து உதைச்சிருப்பா.

ஆனா சனங்க உருகிட்டாங்கடா! "அந்தப் பாடற அண்ணன் ஊட்டு நெய்தானுங்களா?"ன்னு மௌனிகா போனுக்கு மெசேஜா கொட்டுச்சு. அவ அந்தப் பக்கத்த நிதானமாப் படிச்சா. "நல்லா எழுதியிருக்கறீங்க"ன்னா. அவ்வளவுதான். கத்தல, கரண்டியத் தூக்கல. அப்பவே நான் பயந்திருக்கோணும். தூக்கம் வந்துச்சு, போயிப் படுத்துட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை. பில்டு நல்லா ஓடிட்டு இருக்கறப்ப வெளிய கசகசன்னு சத்தம். எட்டிப் பாத்தா, வாசல்ல ரெண்டு வேனு. தமிழ்நாட்டு நம்பரு. பொம்பளைங்க, கொழந்தைங்க, அல்லார் கையிலயும் போனு. மௌனிகா டீ ஊத்திக் குடுத்துட்டு இருக்கறா.

"என்ன மௌனி, உங்க ஊட்டு ஒறம்பரை சனமா?"

"இல்லீங்க. உங்களைப் பாக்க வந்திருக்கறாங்க."

போன நீட்டுனா. எங்க சைட்டு. மொதல் பக்கத்துலயே, பெரிய எழுத்துல: 'பாடிக் கறக்கும் அண்ணனை நேரில் காண வாருங்கள். ஞாயிறு தோறும்.'

"தோறுமா? இது எப்படி வந்துச்சு? நான் பில்டே பண்ணலையே!"

"நான் பண்ணுனேனுங்க."

"நீயா! எவ்வளவு நேரமாச்சு?"

"டீ ஆத்தறதுக்குள்ள ஆயிருச்சு."

"பாஸ்வேர்டு?"

"என்ற பேருதானுங்களே. அன்புக்கு நன்றிங்க."

"இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்டே?"

"உங்க ப்ளாக்குலதான்."

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. காலேஜ்ல கூடப் படிச்சவனுங்ககிட்டப் பெருமை அடிக்கறதுக்காக நான் ஒண்ணு எழுதிப் போட்டிருந்தேன். 'ஃபைலை மாத்தி சேவ் பண்ணாப் போதும், கண்ணு சிமிட்டறதுக்குள்ள தானா பில்டு ஆயிரும், பச்சைக் கொழந்தைகூடப் பண்ணும்.' படம் போட்டு, அம்புக்குறி போட்டு வெளக்கி வேற வெச்சிருக்கறேன்! மௌனிகா நெய்ப் பக்கத்தை மட்டும்தான் பாப்பான்னு நெனச்சேன். அந்தக் கூட்டாளிங்க ஒருத்தனும் படிக்கல. படிச்ச ஒரே ஆளு அவதான்.

"நேரமாச்சுங்க மாமா. குளிர்ந்த நீர் பின்னால வெச்சிருக்கறேன். நீராடிட்டு வாங்க."

நடுங்கிக்கிட்டே குளிச்சேன். ஆனா குளிக்கறப்பவே ஒரு யோசனை வந்துச்சு. கலெக்டர் இருக்கறாளே! மாட்டுக் கட்டுத்தரைக்குப் போக வேண்டியது. ஒரு உதை வாங்க வேண்டியது. சனங்க அலறி ஓடுவாங்க. மௌனிகாவே அந்த வரிய எடுத்துருவா. அதோட நான் கறக்கறதும் முடிஞ்சுது. ஒரு உதைதானே? வாங்கிக்கலாம்!

தைரியமாப் போயி உக்காந்தேன். சுத்தியும் போனத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறாங்க. "பாடுங்கண்ணா!"ன்னு ஒரு பாப்பா. எனக்குத் தெரிஞ்ச அத்தனை பாட்டும் மறந்து போச்சு. கலெக்டர் பின்னங்கால லேசாத் தூக்கறா. வாயத் தொறந்தேன். வந்தது கான்ஃபிக் ஃபைல். தாலாட்டு மெட்டுல.

"டைட்டிலே... மௌனிகா நெய்யே...
தீமே... பனிமலைத் தீமே...
ட்ராஃப்டு ஃபால்சு... என் கண்ணே, ட்ராஃப்டு ஃபால்சு..."

தூக்குன காலக் கலெக்டர் கீழ வெச்சா. அசை போடறத நிறுத்துனா. காத என் பக்கம் திருப்புனா. எறக்குனா பாருங்க பாலு! போசி நொரை கட்டி வழிஞ்சுது. ஒரு அம்மா கண்ணத் தொடைச்சுக்கிட்டாங்க. அல்லாரும் கை தட்டுனாங்க. மௌனிகா போசிய எட்டிப் பாத்து, "ஏனுங்க, அத்தை கறந்ததவிடச் சேத்தி இருக்குது. இனி இவ வேற யாருக்கும் எறக்க மாட்டா"ன்னா.

அன்னையிலிருந்து டெய்லி நான்தான்.

உடனே மௌனிகா மேல பழி போடாதீங்கடா. பாதியில தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் தப்பிச்சிருப்பேன். கை தட்டுனப்பவாவது எந்திரிச்சு வந்திருக்கலாம். ரெண்டாவது பாட்ட யாருமே கேக்கல. நானாத்தான் பாடுனேன்.