உண்டியல் அண்ணனும் பார்க்க முடியாத பிராப்பர்ட்டியும்

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த மாதாப்பூரின் புரோகிராமர்கள் எல்லாரையும் ஒரு தட்டிலும் எங்கள் உண்டியல் அண்ணனை மறு தட்டிலும் வைத்தால், அவர் பக்கம்தான் தாழும். உடம்பும் ஒரு காரணம்.

புரோகிராமில் ஒரு தகவலை வைக்க ‘பிராப்பர்ட்டி’ என்று எழுதுவோம். வழக்கமாக அதில் மதிப்பைப் போடலாம், போட்டதைப் பார்க்கவும் செய்யலாம். உண்டியல் மாதிரி, போட மட்டும் முடியும், பார்க்க முடியாது என்றும் எழுதலாம். அதை எங்கே எழுதலாம் என்பதில் அவர் பார்த்த ஆசாரத்தை மடாதிபதிகள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை பில்லின் தள்ளுபடியை நான் அப்படி எழுதிவிட்டேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது நக்கோ தம்பி, வேணாம். தள்ளுபடி எவ்வளவுன்னு அடுத்தவன் பார்க்க வேணாமா?”

“போட்டா போதும்தானே அண்ணே?”

“அப்ப ‘இந்த வேலையைச் செய்’னு கட்டளையா, மெத்தடா எழுது. பிராப்பர்ட்டின்னா பார்க்கலாம்னு நம்பி வருவான், ஏமாத்தாதே. பாஸ்வேர்டுக்குத்தான் இந்தப் பூட்டு. சரியான்னு கேக்கலாம், என்னன்னு கேக்கக் கூடாது.”

மனிதரும் அப்படித்தான். காதல், கடன், டாக்டர் சொன்னது என்று எல்லாரும் அவரிடம் கொட்டினோம். ஒன்றும் வெளியே வந்ததில்லை.

அந்தச் சமயம் எங்கள் டீமில் ஒருவரைக் குறைக்க முடிவானது. நான் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டுக்கடன் வேறு. விஷயம் தெரிந்தால் முதல் வெட்டு எனக்குத்தான். அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சென்னையிலிருந்து வந்த எங்கள் மேனேஜர் அவரைத்தான் கேபினுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்த மறந்துவிட்டார்; என் சீட் வரைக்கும் பேச்சு கேட்டது.

“சேகர் வேற வேலை தேடறானா?”

“ஒண்ணு சொல்லிருக்கான் சார். அதைச் சொல்ல முடியாது.”

சேகர் நான்தான். இல்லை என்று ஒரு பொய் சொன்னால் குடி முழுகிவிடுமா?

“சரி, லதா?”

“அவளும் சொல்லிருக்கா சார். சொல்ல முடியாது.”

ஒவ்வொரு பெயருக்கும் அதே பதில். மேனேஜரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“டீ கொண்டு வர்றவர்?”

“அவரும்தான் சார்.”

டீமே காலியாகப் போகிறது என்று மேனேஜர் நடுங்கிவிட்டார். ஆட்குறைப்புப் பேச்சு அத்தோடு நின்றது. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் பிரியாணி வந்தது.

“இல்லைன்னு சொல்லிருக்கலாமே அண்ணே?” என்றேன்.

“உனக்கு மட்டும் இல்லைன்னு சொல்லி, மத்தவங்களுக்குச் சொல்ல முடியாதுன்னா, அவங்க மாட்டிக்குவாங்கல்ல?” என்று லெக் பீஸை எடுத்துக்கொண்டார்.

இப்போது நான் வேறு ஆபீஸ். மனசு கனத்தால் அல்வால் பகுதியில் உள்ள அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அவரைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த ஊரில் அவரைவிட வேண்டியவர் எனக்கு யாரும் இல்லை.