மச்சான் வராமலிருக்க ஒரு சைக்கிள் பந்தயம்

இந்தக் கோடையில் என் மச்சான் காசிமிரோ எங்கள் வீட்டுப் படியேறக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என் மனைவி கொன்சுவேலோவுக்குத் தெரியக் கூடாது என்றும் முடிவு செய்தேன். ஓர் ஆண்பிள்ளை இப்படித்தான் உறுதியாக இருக்க வேண்டும்.

காசிமிரோ கெட்டவர் அல்ல. முரசு அடிப்பவர். எங்கள் தெருவேல் மாகாணத்தில் ஈஸ்டர் வந்தால் ஊர் ஊராக முரசு முழங்கும். அது பக்தி. ஈஸ்டர் முடிந்த கையோடு எல்லோரும் முரசைப் பரணில் போட்டுவிடுவார்கள். அது நாகரிகம். காசிமிரோ மட்டும் அடுத்த ஈஸ்டருக்கு அன்றே பயிற்சியைத் தொடங்கிவிடுவார். சரகோசா நகரத்தில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக்காரர்கள் கூட்டம் போட்டு, இனி ஒரு அடி விழுந்தாலும் போலீசுக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவருக்குத் தங்கை மேல் பாசம் பொங்கிவிட்டது. கோடை முழுக்க உங்களோடுதான் என்று போன் செய்தார்.

எங்கள் வீட்டு மாடியறை கனமான கல்சுவர் வைத்தது. வெயில் உள்ளே வராது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அங்கேதான் தூங்குவேன். எங்கள் ஊரில் கோடை மதியத்தில் விழித்திருப்பவன் ஒன்று பைத்தியம், இல்லையென்றால் சுற்றுலாப் பயணி.

"அண்ணனுக்கு மாடியறையை ஒழிச்சுக் கொடுத்துடலாம்," என்றாள் கொன்சுவேலோ.

"அப்ப நான் எங்க தூங்கறது?"

"அவர் வாசிக்கிறப்ப நீங்க எங்க படுத்தா என்ன? எப்படியும் தூக்கம் வராது."

கொன்சுவேலோ என்றால் எங்கள் மொழியில் ஆறுதல் என்று பொருள். யாருக்கு ஆறுதல் என்று ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் சொல்லவில்லை.

எங்கள் ஊரான காஸ்தெல்ரோயோ மலை உச்சியில் இருக்கிறது. சுற்றிலும் மதில், அதில் ஒரே வாசல், அதற்கு ஒரே சாலை. எதிரி ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிச் சாக வேண்டும் என்றுதான் முன்னோர்கள் இப்படிக் கட்டினார்கள். அவர்கள் காலத்தில் எதிரி குதிரையில் வந்தான். மச்சான் காரில் வருவார் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

அந்தக் காரும் அவருடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிற நண்பர் ஒருவர், வழியில் எங்கள் ஊரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்குச் சாலை மூடியிருந்தால்? நண்பர் காத்திருக்க மாட்டார். மச்சானையும் முரசையும் தன்னோடு கடலுக்கே கொண்டுபோய்விடுவார். கடல் எவ்வளவு சத்தத்தையும் தாங்கும்.

நான் எங்கள் ஊராட்சியில் கவுன்சிலர். விளையாட்டுத் துறை என் கையில். மலையடிவாரத்து வால்பிந்தாவில் ஒரு சைக்கிள் சங்கம் உண்டு. வருடா வருடம் சமவெளியில் பந்தயம் நடத்துவார்கள். சங்கத் தலைவர் எஃப்ரேனைப் போய்ப் பார்த்தேன்.

"இந்த வருஷம் எங்க ஊர்க் கோட்டை வாசல்ல பந்தயத்தை முடிங்க," என்றேன்.

"அந்த ஏத்தத்துலயா? பசங்களுக்கு நாக்குத் தள்ளிடுமேப்பா."

"மேல வந்து சேர்ற எல்லாருக்கும் ஆட்டுக்கறி விருந்து."

எஃப்ரேன் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு விருந்தை நினைத்தார். "சாலையை மூடணுமே," என்றார்.

"மூடாம? விடிஞ்சதுமே மூடிடணும். எறும்புகூட மேல ஏறக் கூடாது."

"பாதுகாப்புல இவ்வளவு அக்கறையா," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை இங்க பந்தயமாமே?"

"ஊருக்கு ஏதோ நம்மால ஆனது."

"அன்னிக்குத்தானே அண்ணன் வர்றார்?"

"அடடா," என்றேன். இந்த அடடாவைக் கண்ணாடி முன்னால் நின்று நன்றாகப் பழகியிருந்தேன்.

"சாலையை மூடிட்டா அவர் எப்படி வருவார்?"

"அதான் நானும் யோசிக்கிறேன். என்ன பண்றது, போலீஸ் சமாச்சாரம். கடல் காத்தும் உடம்புக்கு நல்லதுதான்."

"பாவம் அண்ணன்," என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, பாத்திரச் சத்தம்கூட இல்லை. சண்டை போடாத கொன்சுவேலோவைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை ஊராட்சி ஒலிபெருக்கி கரகரத்தது. மீன் வண்டி வரும் நேரத்தைச் சொல்லி முடித்து, அடுத்து இப்படிச் சொன்னது: "ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நம் ஊர் சார்பாக, பந்தயத்தைக் கொண்டுவந்த கவுன்சிலர் அன்செல்மோ அவர்களே கலந்துகொள்கிறார்."

அன்செல்மோ என்பது நான்தான். உள்ளே ஓடினேன்.

"என் பேரை யார் கொடுத்தது?"

"நான்தான். பந்தயத்தைக் கொண்டுவந்தவரே ஓட்டாம நின்னா ஊர் சிரிக்காதா?"

"நான் கீழே தடுப்புகிட்ட நிக்கணும். பொறுப்பான ஆள் ஒருத்தர் வேண்டாமா?"

உண்மையில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தடுப்பருகே நின்று, மச்சானின் கார் திரும்பிப் போவதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது என் ஆசை.

"அங்க போலீஸ்காரர் நிக்கிறார். நீங்கதான் தினம் சைக்கிள்ல ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வர்றீங்களே."

"போறது இறக்கம்."

"வர்றது ஏத்தம்தானே?"

வருவது பால் வண்டியில். சைக்கிளும் நானும் பால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து மேலே வந்து, மதில் வாசலுக்கு முன்னால் இறங்கிக்கொள்வோம். இது எனக்கும் பால்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு விடிந்தது. வால்பிந்தாவில் பந்தயக்காரர்கள் கூடி நின்றார்கள். அநேகமாக எல்லோருக்கும் ஆலிவ் மரத்தில் கடைந்தெடுத்த மாதிரி கால்கள். எனக்கு இருப்பது மாவில் பிசைந்த கால்கள். விசில் அடித்ததும் அவர்கள் முதல் வளைவில் மறைந்தார்கள். நான் முதல் வளைவு எங்கே என்று பார்த்துக்கொண்டே மிதித்தேன். சைக்கிளுக்கு மிதிவண்டி என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். வண்டியை நான் மிதிக்கிறேன் என்று முதலில் நினைத்தேன். பாதாம் தோப்பைத் தாண்டுவதற்குள் அது என்னை மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனாலும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இந்நேரம் மச்சான் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார்.

அப்போதுதான் பின்னால் கேட்டது. டம்.

இடி என்று நினைத்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. டம். டம்.

"என்ன மாப்ளே, சௌக்கியமா?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்துகொண்டிருந்தது துடைப்ப வண்டி. அப்படித்தான் அதைச் சொல்வோம். பந்தயத்தில் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வந்து, முடியாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போகிற வேன். ஓட்டுவது கொன்சுவேலோவின் சித்தப்பா மகன் பிளாஸ். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே முரசோடு உட்கார்ந்திருந்தார் காசிமிரோ. பக்கத்தில் இரண்டு பெட்டிகள்.

"மச்சான், நீங்க எப்படி?" பாதி மூச்சு வெளியே போய்விட்டது.

"சாலையை மூடிட்டாங்க மாப்ளே. போலீஸ்காரர் திரும்பிப் போகச் சொல்லிட்டார். நல்லவேளை, தங்கச்சி பிளாஸ்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கா. இன்னிக்கு மேல போற வண்டி இது ஒண்ணுதானாமே."

"அத்தான், முடியலேன்னா ஏறிக்கங்க. இடம் இருக்கு," என்றான் பிளாஸ்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நின்றால் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். போனால் மச்சானுக்கு வழிகாட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த மனிதர் ஊருக்குள் வரக் கூடாது என்று சாலையை மூடினேனோ, அவருக்கு முன்னால் பைலட் வண்டியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வழி தெரிந்தது. முன்னால் வால்பிந்தா மருந்துக்கடைக்காரர் லெயாந்த்ரோ தெரிந்தார். என்னைவிடக் கனத்த சரீரம். அவரை முந்திவிட்டால் அவர்தான் கடைசி. இந்த வேன் அவர் பின்னால் ஊர்ந்துகொண்டு கிடக்கும். நான் மட்டுமாவது கௌரவமாகப் போய்ச் சேரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். முந்தியும் விட்டேன். நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது, ஆனால் ஆனந்தமாக வெடிக்கும் போலிருந்தது.

பின்னால் பிரேக் சத்தம். லெயாந்த்ரோ சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன், ஏன் ஏறினீங்க?" என்று கத்தினேன்.

"நீங்களே முந்திட்டீங்க. இதுக்கு மேல எனக்கு என்ன மானம் இருக்கு?" என்றார்.

மறுபடி நான்தான் கடைசி. வேனில் ரொட்டியும் உலர்த்திய பன்றித்தொடைச் சீவலும் வெளியே வந்தன. வாசனை எனக்கு வந்தது.

நடுவழியில் ஓர்னோஸ் என்ற சிற்றூர். கல் பாலம், மணிக்கூண்டு, குறுகலான தெரு. சைக்கிள்கள் எப்போதோ கடந்துவிட்டதால் ஜனங்கள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். முரசு கேட்டதும் எல்லோரும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், என்ன வேண்டுதலோ," என்றாள்.

அதற்கு மேல் வளைவுக்கு வளைவு செங்குத்து. மச்சானுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அவர் மெதுவாக அடித்தால் என் கால் மெதுவாகச் சுற்றியது. வேகமாக அடித்தால் வேகமாகச் சுற்றியது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

"விடாதீங்க மாப்ளே. இதோ வீடு தெரியுது."

"அதான் மச்சான் கஷ்டமா இருக்கு."

ஊர் வாசலில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. என் மேலிருந்த பிரியத்தால் அல்ல. கடைசி ஆள் வந்து சேரும்வரை ஆட்டுக்கறி பரிமாறக் கூடாது என்று எஃப்ரேன் சொல்லியிருந்தார். நான் முடிவுக் கோட்டைக் கடந்ததும் எழுந்த ஆரவாரத்தில் பசி தெரிந்தது. வேன் உள்ளே வந்ததும் எழுந்த ஆரவாரம் வேறு மாதிரி இருந்தது. இளவட்டங்கள் காசிமிரோவை முரசோடு தோளில் தூக்கிக்கொண்டார்கள். என் சைக்கிளை யாரும் பிடிக்காததால் அது கீழே விழுந்தது. அதன் மேல் நானும் விழுந்தேன்.

சாயங்காலம் சமையலறைப் பெஞ்சில் கிடந்தேன். கொன்சுவேலோ என் கால்களுக்கு ரோஸ்மேரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடியறையில் என் கட்டில் மேல் மச்சானின் பெட்டிகள். மச்சான் களைப்பில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அடுப்புமேல் தட்டுகள் தாளம் போட்டன.

"கோவமா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க கோவம்? அண்ணனைப் பத்திரமா கூட்டிட்டு வந்திருக்கீங்க."

எப்படியும் தெரிந்துவிட்டதே என்று கேட்டேவிட்டேன்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே. உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவள் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கவுன்சிலர் ஆன நாள்லேருந்து முதல் தடவையா நீங்களா எழுந்து போய் ஒரு வேலை பார்த்தீங்க பாருங்க, அப்பவே."