கடலுக்கு வைத்த சிவப்புப் பலகை

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியிடம் மறைத்த விஷயங்கள் மொத்தமே இரண்டு. ஒன்று, அவள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஊதா நிறச் சட்டை தனக்குப் பிடிக்கவில்லை என்பது. அது அவளுக்குத் தெரியும். இன்னொன்று, கல்யாண மோதிரத்தைக் கடலில் தொலைத்தது. இதை மட்டும் அவளுக்குத் தெரியவிடுவதில்லை என்று மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை பார்ப்பவர்களுடன் கடலில் குளிக்கப் போனார். குளித்தார், குதித்தார், கூச்சல் போட்டார், வீட்டுக்கு வந்து தூங்கினார். திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது விரலைப் பார்த்தார். மோதிரம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அன்று மாலையே கேள்வி வந்துவிட்டது.

"மோதிரம் எங்கங்க?"

"அதுவா? ஒர்க் ஷாப் லாக்கர்ல இருக்கு. மோதிரத்தோட மெஷின்ல கை வைக்கக் கூடாது. சேஃப்டி ரூல்."

"அப்படியா?" என்றாள்.

அவள் திட்டினால் அவருக்குப் பயமில்லை. திட்டு பழகிப்போனது. இந்த "அப்படியா"தான் ஆபத்து. போதாக்குறைக்கு, வருகிற ஞாயிறு கல்யாண நாள். அவளுடைய அக்கா வேறு வருகிறாள். அந்த அம்மாவின் கண்ணிடம் எக்ஸ்ரே மெஷின் பிச்சை வாங்க வேண்டும். அதற்குள் மோதிரம் விரலில் ஏறியாக வேண்டும்.

குழாய் வேலை பார்க்கும் மச்சினனிடம் போனார். மண்ணுக்குள் புதைந்த குழாயைத் தேட அவனிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் உண்டு. தண்ணீரிலும் வேலை செய்யும். கேட்ட அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டான். ஸ்க்ரூ டிரைவர் கேட்டாலே மூன்று நாள் இழுத்தடிக்கிற பையன். இவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது என்று நம்மவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"என்னங்க இது, நீட்டுக் கம்பும் தட்டுமா?"

"பொழுதுபோக்கும்மா. அலை அடிக்கிற இடத்துல தேடினா பழைய சாமான் எல்லாம் கிடைக்குமாம். மூணு நாள் லீவு போட்டிருக்கேன்."

"அலைக்குள்ளயா? தனியாவா?"

"ஏன், நான் என்ன சின்னப் புள்ளையா?"

"லிஃப்ட் குழிக்குள்ள தனியா எறங்குவீங்களா?"

"அதெப்படி? மேல சுவிட்ச் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். பலகை மாட்டணும். சிக்னல் பேசி வெச்சுக்கணும். அதெல்லாம் இல்லாம எறங்கறவன் மெக்கானிக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் வாயை மூடியிருக்கலாம் என்று தோன்றியது.

"அப்போ மேல நான் நிக்கறேன்," என்றாள்.

இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் அவர் அளந்த பாதுகாப்புப் பாடம் முழுவதையும் அவள் சிந்தாமல் சிதறாமல் சேர்த்து வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை அத்தனையும் அவர் தலையிலேயே வந்து இறங்கியது. மிதவைச் சட்டை போடணும். கண்ணாடிச் சில்லு குத்தாத கனத்த செருப்பு மாட்டணும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடக்கணும், அடியில் கொட்டுகிற திருக்கை மீன் படுத்திருந்தால் விலகிப் போகும். முட்டிக்கு மேல் தண்ணீர் கூடாது. கடலுக்கு முதுகைக் காட்டவே கூடாது. அலை இறங்கும் நேரத்தில் மட்டும்தான் தேடல், ஏற ஆரம்பித்தால் மூட்டை கட்டணும். ஹெட்போனில் ஒரு காது, அவள் விசிலுக்கு ஒரு காது.

"ஒரு விசில்னா நில்லுங்க. ரெண்டுன்னா மேல வாங்க. உங்க லிஃப்ட் மணி கணக்குதான். அப்புறம், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக்குங்க."

"கண்ணாடிக்குக் கயிறா? ஊர் சிரிக்கும். முடியவே முடியாது."

அவர் ஜெயித்த ஒரே வாதம் அதுதான்.

கடற்கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு அவள் ராணி மாதிரி உட்கார்ந்தாள். பக்கத்து மணலில் அவருடைய சிவப்புப் பலகையையே நட்டு வைத்தாள். "உள்ளே ஆள் இருக்கிறார். இயக்காதீர்கள்." பலகை கடலைப் பார்த்து நின்றது. கடல் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. விசில் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, விசிலை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் ஏழு சோடா மூடி, ஒரு ஸ்பூன். இரண்டாம் நாள் ஒரு குடைக் கம்பி, அப்புறம் ஒரு பூட்டு, சாவி இல்லாமல். ஒவ்வொன்றையும் அவளிடம் கொண்டு வந்து காட்டவேண்டும். காட்ட வரும்போதெல்லாம் அவள் பக்கத்தில் டிடெக்டர் கொண்டாட்டமாகக் கத்தும்.

"நாற்காலி இரும்புங்க," என்பாள் அவள், முஷ்டியைத் திறக்காமல்.

"அதானே," என்பார் அவர்.

உண்மையைச் சொன்னால், மனிதருக்கு அந்தக் காலைகள் பிடித்திருந்தன. பிளாஸ்கிலிருந்து அவள் காப்பி ஊற்றிக் கொடுப்பாள். ஒரே கோப்பையில் ஆளுக்குப் பாதி. எதையோ பேசிச் சிரிப்பார்கள். மோதிரக் கவலை மட்டும் இல்லாவிட்டால் இதைவிட நல்ல லீவு அவர் வாழ்க்கையில் கிடையாது.

சனிக்கிழமை. கடைசி நாள். அலை ஏறத் தொடங்கும் நேரம். திடீரென்று காதில் ஒரு சத்தம், தேன் மாதிரி. இதுதான், இதேதான்! இன்னும் இரண்டு அடி உள்ளே போனார். தண்ணீர் தொடைக்கு வந்தது. சத்தம் தெளிவாகக் கேட்கட்டுமே என்று ஹெட்போனால் இரண்டு காதையும் மூடினார். கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மணலில் கைக்குத் தட்டுப்பட்டதை இறுகப் பிடித்தார்.

ரெண்டு விசில் அடித்தது. கேட்கவில்லை. மறுபடியும் ரெண்டு. அதுவும் கேட்கவில்லை.

அலை வந்து அவரை அப்படியே சுருட்டியது. வானம் கீழே போயிற்று, மணல் மேலே வந்தது, வாய் நிறைய உப்புத் தண்ணீர். செத்தோம் என்றே நினைத்தார். மிதவைச் சட்டை அவரைத் தூக்கியது. அடுத்த அலை கரைப் பக்கம் தள்ளியது. முட்டித் தண்ணீரில் ஒரு கை சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தது. அது யாருடைய கை என்று சொல்ல வேண்டியதில்லை.

கரையில் இருமி முடித்துக் கையைத் திறந்து பார்த்தார். துருப்பிடித்த கதவுத் தாழ்ப்பாள்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு உடைந்துவிட்டது.

"பொய் சொல்லிட்டேன்மா. மோதிரம் லாக்கர்ல இல்லை. இந்தக் கடல்ல போச்சு. அதைத்தான் தேடினேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முஷ்டியைத் திறந்தாள். கயிற்றில் விசிலும், விசிலோடு சேர்ந்து மோதிரமும் தொங்கின.

"திங்கக்கிழமை உங்க பேண்ட்டைத் துவைக்கப் போட்டப்போ குட்டிப் பாக்கெட்ல இருந்துச்சு. தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி நீங்களே கழட்டி வெச்சிருக்கீங்க. மெஷின்னு நெனச்சிருக்கும் உங்க கை."

"திங்கக்கிழமையேவா? அப்போ உன் தம்பி?"

"நீங்க கேட்டா கொடுடான்னு நான்தான் சொல்லி வெச்சேன். லாக்கர்ல இருக்குன்னு சொன்னவர் என்னதான் பண்றார்னு பார்ப்போமேன்னு."

"அதுக்காக மூணு நாளா என்னைத் தண்ணியில நிக்க வெச்சியா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கடற்கரைக்குக் கூப்பிடறேன். லீவுன்னா கவுந்து படுத்துத் தூங்குவீங்க. மோதிரத்தை அன்னைக்கே கொடுத்திருந்தா ஒரு நாளாவது வந்திருப்பீங்களா?"

அவள் மோதிரத்தை அவிழ்த்து அவர் விரலில் மாட்டினாள். முதல் தடவை மாட்டியபோதுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவள் முகத்தை நன்றாகப் பார்க்க நினைத்தார். முகம் கலங்கலாகத் தெரிந்தது.

"அய்யோ! என் கண்ணாடி!"

"கயிறு கட்டச் சொன்னேனே," என்றாள் அவள், ஈரத் துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு. "மெட்டல் ஃபிரேம்தானே? டிடெக்டர் கத்தும். இப்போ அலை ஏறுது. நாளைக்கு அக்கா வர்றா. திங்கக்கிழமை காலையில ஒரு லீவு போடுங்க, வந்து தேடலாம்."

"சரி," என்றார் அவர் பரிதாபமாக.

துண்டு மடிப்பிலிருந்து ஒரு கண்ணாடிக் காம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?