பீங்கான் கனெக்டரும் மச்சானின் மூக்கும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு ஆளானவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் சுகம். என்ன, அவள் என்னோடு பேசுவதில்லை. அங்கே மகள் வீட்டில் நீயும், பேரப்பிள்ளைகளும், உன் முழங்கால் வலியும் நலம்தானே?

நிற்க. ஒரு சின்ன சந்தேகம். இதற்காக நீ அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வர வேண்டாம், ஒரு வரி பதில் போட்டால் போதும். நம் கண்ணாடித் தொழிற்சாலையை மூடியபோது நாம் இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தூக்கி வந்தோமே, அந்தச் சின்ன மின்சார உலை, அதில்தான் உன் அக்கா இன்னமும் ரொட்டி சுடுகிறாள். போன மாதம் அதன் பின்பக்கம் வயரைச் சேர்க்கும் கனெக்டர் கருகிவிட்டது. நீ இருந்திருந்தால் புகை வருமுன்பே மூக்கைச் சுளித்திருப்பாய். எனக்கு ரொட்டி வாசனைதான் வந்தது.

கடைக்காரர் வெள்ளை வெளேரென்று ஒரு பிளாஸ்டிக் கனெக்டரை நீட்டி, "எந்தச் சூட்டையும் தாங்கும் சார், நான் கேரண்டி" என்றார். மாட்டின அன்றே அது உருகி வழிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. திரும்பப் போனால், "நீங்க ரொம்ப சூடு பண்ணிட்டீங்க சார்" என்கிறார். உலையைச் சூடு பண்ணாமல் வேறென்ன பண்ணுவதாம்? அடுத்து உசத்தி ரகம் என்று ஒன்று கொடுத்தார். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நம் பழைய வழக்கப்படி செய்தேன். தொழிற்சாலையில் பெரிய உலையின் கதவுக்கு மேலிருந்த இரும்பு விளிம்பில், சாப்பாட்டுத் தூக்குகளோடு புதுக் கனெக்டரையும் வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாடு சூடாகும்வரை உருக்குலையாமல் இருந்தால் அது தேறிவிட்டது. நீ கனெக்டரை முகர்ந்து, என் தூக்கையும் சேர்த்து முகர்ந்து, "கனெக்டர் பாஸ் அத்தான், அக்கா சமையல்தான் ஃபெயில்" என்பாய். அந்த வெக்கையிலும் அப்படிச் சிரிப்போம்.

அதே நினைப்பில், வயரைத் தற்காலிகமாக முறுக்கிச் சேர்த்துவிட்டு, கனெக்டரை ரொட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். வைத்தவன் மறந்தே போனேன். அன்றைக்குப் பார்த்து மருமகன் வந்திருந்தார். முதல் துண்டு அவருக்கு. மென்றவர் சட்டென்று நிறுத்தி, "மாமா, ரொட்டில திருகு இருக்கு" என்றார். பண்பான பிள்ளை, துப்பவில்லை, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உசத்தி ரகமும் உருகி, அதன் திருகு ரொட்டிக்குள் இறங்கியிருந்தது. உன் அக்கா பார்த்த பார்வைக்கு முன்னால் பெரிய உலையெல்லாம் ஒன்றுமே இல்லை. "இன்னொரு தடவை இதுல ஏதாச்சும் கருகுச்சுன்னா, பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். கூட உங்களையும்!" அன்றிலிருந்து மௌனம்.

என்னைப் போட்டாலும் பரவாயில்லை, உலையைப் போட என்னால் முடியாது. அதனால் கேட்கிறேன். பீங்கான் கனெக்டர்தானே? உள்ளே வெறும் பித்தளையா, நிக்கல் பூசியதா? உலையை ஒட்டியா, ஒரு முழம் தள்ளியா? எதை மாட்டினாலும் முதல் சூடு ஏறி ஆறியதும் திருகு தளர்ந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது? அந்தக் காலத்தில் முதல் தடவை முடுக்குவது நான். ஆறிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி முடுக்குவது நீ. அந்த இரண்டாவது முடுக்கை நான் செய்ததே இல்லை. பரவாயில்லை, எவ்வளவு முடுக்க வேண்டும் என்று எழுது, நானே செய்துகொள்கிறேன். வந்துவிடாதே. பயணம் உன் முழங்காலுக்கு ஆகாது.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மூக்கு நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே கேட்டதற்கெல்லாம் பதில் எனக்கே தெரியும். பீங்கான், நிக்கல், ஒரு முழம் தள்ளி. போன வாரமே மாட்டிவிட்டேன். ஒரு தடவை சூடேற்றி ஆறவும் வைத்தாயிற்று. மெயின் சுவிட்சை அணைத்து, கனெக்டரின் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். உன் அக்கா இன்றைக்குத்தான் வாய் திறந்தாள்: "தம்பி வந்து முடுக்கட்டும். அதுவரைக்கும் நான் மாவு பிசையறதா இல்ல." திருப்புளி உலை மேலேயே இருக்கிறது. வந்துவிடு மச்சான்.