ஜெர்மன் வீரனும் சர்பத் இரத்தமும்

மூன்று படம் பார்த்தவனுக்கு நாலாவதைத் தானே எடுக்கலாம் என்று தோன்றும். தோன்றினால் உடனே போய்ப் படுத்துவிட வேண்டும். நான் படுக்கவில்லை.

ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா, அந்த நாட்டுப் பழைய வீரக்கதை ஒன்றை வைத்து எடுத்த மூன்று படங்களை அனுப்பியிருந்தார். வீரன் ஒருவன் டிராகனைக் கொன்று அதன் இரத்தத்தில் குளிக்கிறான். அதன்பின் எந்த ஆயுதமும் அவன் உடலில் இறங்காது. குளிக்கும்போது முதுகில் ஓர் இலை ஒட்டியிருந்த இடம் மட்டும் விலக்கு. அந்த இடத்தை அவன் மனைவி வேறொருவனை நம்பிச் சொல்ல, அவன் அங்கேயே ஈட்டியை இறக்குகிறான். மூன்று படத்திலும் முதுகைச் சரியாகக் காட்டவில்லை என்பது என் தீர்ப்பு. (அப்போது வயது இருபத்து நாலு. தீர்ப்பு வழங்க வேறு தகுதி தேவைப்படவில்லை.)

யாழ்ப்பாணத்துக் குருநகரில் படப்பிடிப்பு. நீலத் தறப்பாளில் டிராகன், நன்னாரிச் சர்பத்தில் இரத்தம். வீரன் என் நண்பன் யூட். கடற்தொழிலாளி, எனக்குத் தெரிந்த ஒரே அகன்ற தோள். சட்டையைக் கழற்றச் சொன்னதும் தயங்கினான்.

"முதுகிலை ஒரு காயம் கிடக்கு, மச்சான். சின்னனிலை, சண்டை நேரம், செல் விழுந்து வெடிச்ச துண்டு பட்டது. சனம் வேறை மாதிரிக் கதைக்கும்."

பார்த்தேன். இலை விழவேண்டிய அதே இடம். ஒப்பனை வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

"ஒருத்தருக்கும் விளங்காது. மேக்கப் எண்டுதான் நினைப்பினம்" என்றேன்.

நம்பினான். எறும்பு மொய்க்க மொய்க்க மூன்று தடவை சர்பத்தில் குளித்தான்.

தேவாலயப் பங்கு மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். யூட்டுக்குக் கலியாணம் பேசியிருந்த பெண்ணின் குடும்பத்தை முன்வரிசையில் இருத்தியதும் நான்தான். கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெரியவர், "உந்தக் காயத்தை நல்லாச் செய்திருக்கிறியள், தம்பி" என்றார்.

அந்தப் பாராட்டு எனக்குப் போதவில்லை.

"மேக்கப் இல்லை, ஐயா. உண்மையான செல் காயம்" என்றேன், ஒலிவாங்கியில்.

பெண்ணின் தகப்பன் யூட்டிடம் திரும்பினார். "தம்பி இயக்கத்திலை இருந்து சண்டை பிடிச்சவரோ?"

"எனக்கு அப்ப எட்டு வயசு, ஐயா."

அவர் தலையாட்டினார். கிழமை முடியமுன் தரகர் வந்து, பெண் மேலே படிக்கப் போகிறாளாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். யூட் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நீ சொல்லாட்டிலும் ஒருநாள் தெரியத்தானே போகுது" என்றான். அது மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் பிறகு கலியாணமும் கட்டவில்லை.

எங்கள் வீட்டில் தங்கையின் சம்பந்தமோ மாமியின் வருத்தமோ, எதைக் கதைக்கத் தொடங்கினாலும் அம்மா முதலில் என்னைத் தேடிக் கேட்பார்: "உவன் நிக்கிறானோ?" பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கத்தான் செய்கிறேன், வெளியே நின்று.