பின்பக்கம் பார்க்காமல் வெட்டியது

நான் தையல்காரன். துணியை வெட்டுவதற்கு முன் திருப்பிப் பார்த்துவிடுவேன். நல்ல பக்கம் எது, பின்பக்கம் எது, கறை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா. இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக்கூடக் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரு பேப்பரைத்தான்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் வீடு, பாலக்கரையில் கடை. என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. தங்கை சரோஜா எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள். அப்பா ஒரே பேச்சில் முடித்திருந்தார்.

"பாஸானா டீச்சர் ட்ரெய்னிங். ஃபெயிலானா முசிறி."

முசிறி என்றால் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. அவருக்கு ஒரு வாழைத்தோப்பும் ஒரு பையனும் உண்டு. (தோப்பு நல்ல தோப்பு.)

ரிசல்ட் என்றைக்கு வரும் என்று தெரியாது. அதனால் அப்பா ஒரு வாரமாகப் பேப்பர் வாங்கினார். அதில் குறுக்கெழுத்துப் போட்டி வந்தது. நாளுக்கு ஒரு தலைப்பு. கோயில் என்றார்கள், நதி என்றார்கள். நான் கிட்டப் போகவில்லை. ஆறாம் நாள் தலைப்பு 'உடை'. பரிசு கைக்கடிகாரம். எனக்கென்றே கட்டம் போட்ட மாதிரி இருந்தது.

விடிந்ததும் வாசலில் கிடந்த பேப்பரை எடுத்து நேராகக் கட்டத்துக்குப் போனேன். வேறு எதையும் பார்க்கவில்லை. சட்டையின் கழுத்தா, காலர். பொத்தான் நுழையும் துளையா, காஜா. மளமளவென்று நிரப்பினேன். கட்டத்தை வெட்டித்தான் அனுப்ப வேண்டும். என் கத்திரிக்கோலால் நூல் பிசகாமல் வெட்டி, உறையில் வைத்து, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். இடது கையைத் தூக்கி மணி பார்த்துப் பழகிக்கொண்டே வீடு வந்தேன்.

சரோஜா பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டை வழியாக அவள் கண் ஒன்று தெரிந்தது. நனைந்திருந்தது.

"ரிசல்ட் வந்துருக்குண்ணே."

"பாஸா?"

"பாஸானவங்க நம்பர் மட்டுந்தான் போட்டுருக்கான். என் நம்பர் நானூத்திப் பதினேழு. நானூத்திப் பன்னெண்டு வரைக்கும் இருக்கு. அப்புறம் ஓட்டை."

ஓட்டையின் அளவு எனக்குத் தெரியும். (நாலு அங்குலத்துக்கு நாலு.)

அப்பா என்னைப் பார்த்தார். "அவ ஓட்டைக்குள்ள இருக்காளா இல்லையான்னு கண்டுபிடிச்சுட்டு வா. இல்லேன்னா கடையிலயே படுத்துக்க."

ஓடினேன். தபால் பெட்டிக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அதற்கு மேல் சர்க்கார் விடவில்லை.

கடைகளில் பேப்பர் தீர்ந்துவிட்டது. சலூனில் ஒன்று கிடந்தது. எடுத்தால் அதே இடத்தில் ஓட்டை.

"வாட்ச்சு தரேன்னு போட்டுருந்தான்ல?" என்றார் சலூன்காரர்.

டீக்கடையிலும் ஓட்டை. வாசகசாலையிலும் ஓட்டை. அங்கே பிளேடால் வெட்டியிருந்தார்கள், ஓரமெல்லாம் கோணல். (தொழில் தெரியாதவன்.)

வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் முசிறி மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாழைத்தார், மடியில் ஒரு பொட்டலம். அன்றைக்கு நாள் நன்றாக இருந்ததாம்.

"நம்பர் இல்லையாமே மாப்ளே?" என்றார். குரலில் துக்கத்தைக் காணோம்.

"இருக்கலாம் மாமா. நான்தான் வெட்டிட்டேன்."

"போவுது விடு. தார் எண்ணத் தெரிஞ்சா போதும், நம்ம வீட்டுக்கு. இந்தாம்மா சரோஜா, புடவையப் பாரு."

பொட்டலத்தைப் பிரித்தார். அரக்கு நிறத்தில் நல்ல புடவை. அழுக்காகக் கூடாதென்று, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது பேப்பர் ஒன்று வாங்கிச் சுற்றியிருந்தார். அன்றைய பேப்பர்.

சரோஜா புடவையைத் தொடவில்லை. பேப்பரைப் பிடுங்கினாள். ஒரு பக்கம் கட்டம், முழுசாக. மறுபக்கம் நம்பர்கள். அவள் விரல் ஓடியது, நின்றது.

"நானூத்திப் பதினேழு! அப்பா, இருக்கேன்!"

மாமா பேப்பரைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"நானே வாங்கியாந்து குடுத்துட்டேனே மச்சான்!"

அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாமாவும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். புடவையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. "பாஸானதுக்கு வச்சுக்கம்மா" என்றார். ட்ரெய்னிங் சேர்ந்த அன்று சரோஜா அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். ரவிக்கை நான் தைத்தேன். வெட்டுவதற்கு முன் துணியை நாலு தடவை திருப்பிப் பார்த்தேன்.

கடிகாரம் வரவில்லை. உடைக் கட்டத்தில் எனக்கு மூன்று தப்பு. (இதைக் கடையில் யாரிடமும் சொன்னதில்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை வெட்டினாலும், பூசணிக்காய் ஆனாலும் பிறந்தநாள் கேக் ஆனாலும், "பின்பக்கம் பாத்தாச்சா?" என்று ஒரு குரல் வரும். சரோஜா ஹெட்மிஸ்ட்ரஸாகி ரிடையரும் ஆகிவிட்டாள். போன வருஷம் எனக்குக் குடலிறக்கம். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டரை வழிமறித்தாள்.

"டாக்டர், வெட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம் பாத்துட்டீங்களா?"

டாக்டர் பொறுப்பானவர். என்னைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.